கொட்டகையில் மூன்று ஸ்னோமொபைல்: எதைத் திருத்துவது?

கேள்வி: "அண்ணா, போன கோடையில் ஒன்ராறியோவில் நோர்த் பேக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீடு வாங்கினோம். கொட்டகைக்குள் பனியில் ஓட்டுகிற மூன்று பழைய ஸ்னோமொபைல்களை முந்திய சொந்தக்காரர் அப்படியே விட்டுப் போயிருக்கிறார். ஒன்று 1970ஆம் ஆண்டு ஸ்கி-டூ ஒலிம்பீக் 335. எஞ்சின் இறுகிவிட்டது, ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு அசையவே இல்லை. இரண்டாவது 1972 ஸ்னோ-ஜெட், நீல நிறம். எஞ்சின் சுற்றுகிறது, பிளக்கில் நெருப்பும் வருகிறது. மூன்றாவது எண்பதுகளில் வந்த ஸ்கி-டூ எலான். சீற் கிழிந்து, ஹூட்டுக்கு யாரோ தூரிகையால் கறுப்புப் பெயின்ற் அடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டாயிரம் டொலர்வரை செலவழிக்கலாம். 14 வயது மகனும் கூட நின்று வேலை செய்ய ஆசைப்படுகிறான். வேலையிடத்து நண்பர், 'ஸ்னோ-ஜெட் அரிது, எஞ்சினும் ஓடும், அதை எடு, மற்ற இரண்டையும் இரும்புக்குப் போடு' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்."

தம்பி, முதலில் ஒன்று. இரும்புக்காரரைக் கூப்பிட்டிருந்தால் இப்போதே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் அனுப்பிய 31 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் இரும்புக்குப் போடச் சொன்னதில்தான் திருத்தத் தகுந்த வண்டி இருக்கிறது. அவர் எடுக்கச் சொன்னதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொடமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய ஸ்னோமொபைல் வாங்க வருகிற எல்லாருமே முதலில் கயிற்றைத்தான் இழுப்பார்கள். எஞ்சின் சுற்றினால் முகம் மலரும், இறுகியிருந்தால் விலையில் பாதியைக் குறைப்பார்கள். காருக்கு அது சரியான கணக்காக இருக்கலாம். இந்த வண்டிக்கு அது தலைகீழ். அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பது மேசையில் வைத்து ஒரு மாலைக்குள் பிரித்துப் பரப்பிவிடக்கூடிய சாமான். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர், கிராங் என்ற சுழல்தண்டு, அதன் இரு பக்கமும் காற்று ஒழுகாமல் அடைக்கிற இரண்டு சீல், அவ்வளவுதான். எது தேய்ந்தாலும் மாற்றலாம். உடைந்த ஹூட்டை (எஞ்சின் மூடி), பிய்ந்த ட்ராக்கை (அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டை), வெடித்த டனலை (ட்ராக்கை மேலே மூடுகிற உலோகச் சட்டம்), தொலைந்த ஹெட்லைற் வளையத்தை அப்படி மாற்ற முடியாது. ஒலிக்கிற எஞ்சினைப் பார்த்து மயங்கி, கிடைக்காத ஹூட்டைத் தேடி மூன்று வருடம் அலைந்தவர்கள் எனக்குப் பல பேரைத் தெரியும். நானும் அதில் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் சட்பரியில் ஒரு சிறிய எஞ்சின் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்திய கை என்பதால் டூ-ஸ்ட்ரோக் எனக்குப் புதிதில்லை, பனிதான் புதிது. ஒரு பண்ணைக்காரர் 150 டொலருக்கு மஞ்சள் நிற வண்டி ஒன்றைக் காட்டினார். பிளக் துளையில் ஒரு கரண்டி பெற்றோல் விட்டு, பிளக்கைப் பூட்டி, ஒரே இழுவை. பட்பட்டென்று இரண்டு விநாடி வெடித்து நின்றது. அந்த இரண்டு விநாடிச் சத்தத்துக்கு நான் 150 டொலர் கொடுத்தேன். பட்டறைக்குக் கொண்டுவந்து சீற்றைக் கழற்றினால், அதன் கீழே முப்பது வருடம் ஈரம் குடித்த நுரைப்பஞ்சு. அதன் கீழே டனல் இல்லை. உண்மையாகவே இல்லை, விரலால் குத்தினால் துரு உதிர்ந்து நிலம் தெரிந்தது. கடைசியில் அந்த எஞ்சினைக் கழற்றி வேறொரு வண்டிக்குப் போட்டேன். மிச்சம் போன இடம் உங்கள் நண்பர் சொன்ன அதே இடம்.

இனி உங்கள் மூன்று வண்டிகளுக்கு வருவோம்.

ஸ்னோ-ஜெட் அரிது என்பதில் பொய் இல்லை. கியூபெக்கில் தெட்ஃபோர்ட் மைன்ஸ் என்ற ஊரில் செய்தார்கள். 1970 வாக்கில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பனிகள் ஸ்னோமொபைல் செய்துகொண்டிருந்தன. புல்வெட்டி செய்தவர், வள்ளம் செய்தவர், ட்ராக்டர் செய்தவர் எல்லாரும் இதில் இறங்கினார்கள். 1971இல் மட்டும் ஐந்து லட்சத்தைத் தொடுகிற அளவுக்கு வண்டிகள் விற்றன. அப்புறம் 1973இல் எண்ணெய் நெருக்கடி, கூடவே பனி குறைந்த சில குளிர்காலங்கள். பெரும்பாலான கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையை மூடின. ஸ்னோ-ஜெட்டை 1976இல் கவாசாகி வாங்கியது. அந்தக் கவாசாகியே 1982இல் ஸ்னோமொபைலைக் கைவிட்டது. எண்பதுகளின் நடுவில் பார்த்தால் மிஞ்சி நின்றது ஸ்கி-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா என்ற நாலு பேர்தான். அதில் யமஹாவும் 2025 மாடலோடு நிறுத்திவிட்டது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், "அரிது" என்ற சொல்லுக்கு விற்கும்போது ஒரு பொருள், திருத்தும்போது வேறு பொருள். விற்கும்போது அரிது என்றால் விலை. திருத்தும்போது அரிது என்றால் சாமான் கிடையாது. உங்கள் ஸ்னோ-ஜெட்டின் எஞ்சின் யமஹாவுடையது. அதனால்தான் இத்தனை காலத்துக்குப் பிறகும் சுற்றுகிறது, அதற்கு இன்றும் பிஸ்டன் ரிங் தேடிப் பிடிக்கலாம். ஆனால் ஹூட்டின் இடது பக்கம் கையகலத்துக்கு உடைந்து காணாமல் போயிருப்பதை 9ஆம் படத்தில் பார்த்தேன். ஹெட்லைற் இருந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடியும் இல்லை. எல்லாவற்றையும்விட 12ஆம் படம். ட்ராக்கின் குறுக்கே ரப்பர் வெடித்து உள்ளே நூல் தெரிகிறது, சில்லின் பற்கள் வந்து உட்காருகிற துளைகளில் நாலு பிய்ந்திருக்கின்றன. அது ட்ராக்காக முடிந்துபோன ட்ராக். வேறு ட்ராக் போடலாம்தானே என்று கேட்பீர்கள். அகலமும் நீளமும் மட்டும் ஒத்தால் போதாது, உள்ளே ஓட்டுகிற சில்லின் பல்லுக்கும் ட்ராக்கின் துளைக்கும் இடைவெளி அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் புது ட்ராக் சில நூறு டொலர். உங்கள் இரண்டாயிரத்தில் பெரிய துண்டு அதற்கே போய்விடும், ஹூட் அப்போதும் உடைந்தேதான் இருக்கும்.

அதை எறியாதீர்கள். ஸ்னோ-ஜெட் என்றால் உயிரை விடுகிற ஆட்கள் கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் உண்டு. அவர்களில் ஒருவரிடம் நல்ல ஹூட்டும் செத்த எஞ்சினும் இருக்கும். உங்களிடம் நல்ல எஞ்சினும் செத்த ஹூட்டும் இருக்கிறது. இரண்டும் சந்திக்கட்டும். எஞ்சின் சுற்றுகிற ஒரு சிறிய வீடியோ எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். வருகிற காசு ஒலிம்பீக்குக்கு உதவும்.

ஆம், ஒலிம்பீக்தான் நான் சொல்கிற வண்டி. எஞ்சின் இறுகிக் கிடக்கிற, கயிறு அசையாத, இரும்புக்குப் போகவிருந்த அந்த மஞ்சள் வண்டி.

5ஆம் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஹூட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. மஞ்சள் வெளிறியிருக்கிறது, ஆனால் அது 1970இல் வால்கூர் தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ற். பக்கத்து எழுத்து ஒட்டுகள் பாதி உரிந்தாலும் இடத்தில் இருக்கின்றன. குரோம் பட்டிகள், ஹெட்லைற் வளையம், சீற்றின் பின்பக்கச் சட்டம் எல்லாம் உள்ளன. ட்ராக் தேய்ந்திருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை. அதைவிட முக்கியம், வண்டியை யாரோ விவரம் தெரிந்தவர் நிறுத்தியிருக்கிறார். பின்பக்கத்தை இரண்டு மரக்குற்றிகளில் தூக்கி, ட்ராக் நிலத்தைத் தொடாமல் வைத்திருக்கிறார். மற்ற இரண்டும் மண்ணில் கிடக்கின்றன. அந்த இரண்டு மரக்குற்றிகள் உங்களுக்குச் சில நூறு டொலர் மிச்சம்பிடித்துக் கொடுத்திருக்கின்றன.

உங்கள் மகனுக்குச் சொல்ல ஒரு சின்னக் கதை. வால்கூர் கியூபெக்கில் இருக்கிற சிற்றூர். அங்கே ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்கு வயிற்றில் குடல்வால் அழற்சி. வீதியெல்லாம் பனி மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டி செய்ய அதற்கு முன்பே முயன்றுகொண்டிருந்தவர், அதன்பின் விடவே இல்லை. பல பேர் ஏறுகிற பெரிய பனி பஸ்கள் முதலில் வந்தன. ஒருவர் இருவர் ஏறும் ஸ்கி-டூ 1959இல் வந்தது. அதன் முதல் மாதிரி வண்டிகளில் ஒன்று போய்ச் சேர்ந்த இடம் உங்கள் மாகாணம்தான். ஒன்ராறியோவின் வடக்கே லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் இருந்த பாதிரியார் ஒருவருக்கு, நாய்வண்டிக்குப் பதிலாக. அந்த வண்டி வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள், அதே தொழிற்சாலையில் பிறந்த பிள்ளைதான் உங்கள் கொட்டகையில் நிற்பது. ஒலிம்பீக்குகளை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அதனால் அரிது இல்லை, விலையும் பெரிதாக இல்லை. அதனாலேயே சாமான் கிடைக்கிறது.

சரி, இறுகிய எஞ்சின். 335 ரோடாக்ஸ் ஒற்றைச் சிலிண்டர். ரோடாக்ஸ் ஆஸ்திரியக் கம்பனி, 1970இல் அதையும் பொம்பார்டியே வாங்கிவிட்டது. இந்த எஞ்சின்களுக்கு பிஸ்டன், ரிங், கேஸ்கட், சீல் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று, ஈரம் இறங்கி ரிங்கும் சிலிண்டரும் துருவில் ஒட்டியிருக்கும். இரண்டு, ஓடும்போதே சூடேறி பிஸ்டன் உருகிப் பிடித்திருக்கும். மூன்று, கீழே கிராங் பெயரிங் துருப்பிடித்திருக்கும். முதலிரண்டும் சின்ன விஷயம். மூன்றாவது மட்டும் கொஞ்சம் காசு கேட்கும்.

எது என்று அறிய ஒரு ரோச் போதும். பிளக்கைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடியுங்கள். பிஸ்டன் தலையும் சுவரும் செம்மண் நிறத்தில் இருந்தால் துரு. பிறகு சைலன்சரைக் கழற்றி எக்ஸோஸ்ற் வாய் வழியாகப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல் கீறலாக அலுமினியம் இழுபட்டிருந்தால் அது சூட்டில் பிடித்தது. உங்கள் வண்டி அவ்வளவு கவனமாக நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திய பிறகு துருப்பிடித்தது என்றுதான் என் ஊகம்.

சைலன்சரைக் கழற்றும்போது எலிக்கூடு ஒன்று வெளியே விழும். விழாவிட்டால் எனக்கு எழுதுங்கள், ஆச்சரியப்படுவேன். நகைச்சுவையாகச் சொன்னாலும் இது கவனிக்க வேண்டிய விஷயம். எலி எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் ஹான்டா வைரஸ் என்ற கொடிய நோய் வரலாம். முகக்கவசம், கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. பிரேக் பட்டைக்கும் அதே சட்டம். அந்தக் காலத்துப் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். மகனை இந்த இரண்டு வேலைகளிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

துருவென்றால், பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைச் சிலிண்டர் நிறைய ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். நான் பாவிப்பது ஓட்டோமற்றிக் கியர் பெட்டிக்கு விடுகிற ஏ.டி.எஃப். ஒயிலும் அசிட்டோனும் சம பங்கு. நெருப்புக்கு எட்டத்தில், கதவு திறந்த இடத்தில் கலக்க வேண்டும். ஒரு வாரம். நடுவில் இரண்டு தரம் மறுபடி நிரப்புங்கள். அப்புறம் கிராங்கின் நுனியில் இருக்கிற பாரச் சில்லான பிளைவீலின் நட்டில் நீளமான பிடி போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும், அடுத்த நாள் இரண்டு நகரும். சுத்தியல் வேண்டாம். கயிறும் வேண்டாம்: கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட்டரின் பல்லை உடைத்தவர்களே அதிகம்.

அசைந்த பிறகும் அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். சிலிண்டரைத் தூக்குங்கள், எப்படியும் தூக்கத்தான் போகிறீர்கள். சுவரில் நகத்தில் தட்டுப்படுகிற குழிகள் இருந்தால், இயந்திரப் பட்டறையில் கொடுத்து கால் அல்லது அரை மில்லிமீற்றர் பெருப்பித்து, அந்த அளவு பிஸ்டன் போடலாம். இல்லையென்றால் ஹோன் பண்ணினாலே, அதாவது சுவரை மெல்லத் தேய்த்தாலே, போதும். சிலிண்டர் கழன்றிருக்கும்போது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கொனெக்றிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அது இருக்க வேண்டிய ஆட்டம். மேல்-கீழ் ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. சுற்றும்போது மணல் அரைப்பது போலக் கைக்குத் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது. அப்போது கிராங்கைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அழுத்திக் கழற்றி அழுத்திப் பூட்டி நேராக்குகிற வேலை, வீட்டுக் கராஜில் செய்ய முடியாது.

கிராங் நல்லதாக இருந்தாலும் இரண்டு பக்கச் சீலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு பெப்ரவரி ஞாயிறு, திருத்தி முடித்த வண்டி ஒன்றை ஏரிக்குக் கொண்டுபோனேன். அழகாக ஓடியது. இருபது நிமிடம் கழித்து வழமையைவிட வேகமாக ஓடியது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. காய்ந்து வெடித்த சீல் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், பெற்றோல் குறைந்து காற்றுக் கூடி, எஞ்சின் சூடேறிக்கொண்டிருந்தது. கூடவே ஒயிலும் பெற்றோலோடுதான் போகிறது என்பதால் ஒயிலும் குறைந்தது. ஒரு சத்தம், வண்டி நட்ட நடு ஏரியில் நின்றது. இருபது டொலர் சீல் ஒன்றை மிச்சம்பிடித்ததற்கு ஒரு பிஸ்டனும், முழங்கால் பனியில் ஒரு மணி நேர நடையும். பூட்டி முடித்ததும் எக்ஸோஸ்ற் வாயையும் காபரேற்றர் வாயையும் அடைத்து, ஆறு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும்.

காபரேற்றரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் படத்தில் தெரிவது டில்லட்சன் கம்பனியுடையது, உள்ளே மெல்லிய படலம் வைத்து வேலை செய்வது. படலம் காய்ந்து அட்டையாகியிருக்கும். புதுக் கிற் வாங்கிப் போடுங்கள். பெற்றோல் குழாய்களை எல்லாம் வெட்டி எறியுங்கள், தொட்டியைக் கழுவுங்கள். பிளைவீலுக்குக் கீழே, பிளக்குக்கு நெருப்பு வரச் செய்கிற பொயின்ற்ஸ் இருக்கும், பிளைவீலைக் கழற்றச் சரியான இழுவைக் கருவி வேண்டும். ஸ்க்ரூட்ரைவர் வைத்து நெம்பாதீர்கள்.

ஒயில் கலவைக்குப் பழைய புத்தகத்தில் 20க்கு 1 என்று இருக்கும். அது அந்தக் காலத்து ஒயிலுக்கு. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஒயிலில் நான் 40க்கு 1 விடுகிறேன்: 20 லீற்றருக்கு அரை லீற்றர். எத்தனால் கலக்காத பெற்றோல் கிடைத்தால் அதையே விடுங்கள். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், தண்ணீரையும் இழுக்கும்.

இப்போது பெயின்ற். உங்கள் மகன் அதைப் பளபளவென்று புது மஞ்சளாக்க ஆசைப்படுவான். தடுத்துவிடுங்கள். புதுப் பெயின்ற் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலைப் பெயின்றை மறுபடி கொண்டுவர முடியாது. மெல்லிய சோப்புத் தண்ணீர், பிறகு கார் பொலிஷ், கடைசியாக மெழுகு. வெளிறிய மஞ்சள் எவ்வளவு திரும்பி வருகிறதென்று பார்த்தால் நீங்களே தூரிகையைக் கீழே வைத்துவிடுவீர்கள். பழைய வண்டிகள் கூடுகிற இடங்களில், கீறலோடு அசலாக நிற்கிற வண்டியைச் சுற்றித்தான் ஆட்கள் நின்று கதைப்பார்கள்.

எலானை நான் மறக்கவில்லை. அதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது திருத்தி அழகுபார்க்கிற வண்டி இல்லை, ஓடுகிற வண்டி. 1971 முதல் 1996 வரை, கால் நூற்றாண்டு, பெரிய மாற்றமே இல்லாமல் செய்தார்கள். பொறி வைத்து மிருகம் பிடிக்கிறவர்கள், விறகு இழுக்கிறவர்கள், குளிரில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. சின்னது, லேசானது, ஆழப்பனியில் புதைந்தால் பின்பக்கத்தைக் கையால் தூக்கித் திருப்பி வைக்கலாம். கறுப்புப் பெயின்ற் அப்படியே இருக்கட்டும், கிழிந்த சீற்றுக்கு ஒரு தார்ப்பாயைத் தைத்துப் போடுங்கள். எண்பதுகளின் வண்டி என்பதால் அதிலும் சீல், காபரேற்றர் கிற், பெற்றோல் குழாய், பெல்ட், இவ்வளவு செய்தால் இந்தக் குளிர்காலத்திலேயே ஓடும் என்று நினைக்கிறேன். முன்னூறு, நானூறு டொலருக்கு மேல் போகாது. அதை முதலில் செய்யுங்கள். ஒலிம்பீக் ஒரு வருட வேலை. 14 வயதுப் பெடியன் ஒரு வருடம் எதுவும் ஓடாத கராஜில் நிற்பான் என்று நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்ப வேண்டாம். எலானில் அவன் கை பழகட்டும். அதே கைதான் பிறகு ஒலிம்பீக்கைப் பிரிக்கும். இரண்டும் ரோடாக்ஸ் ஒற்றைச் சிலிண்டர் என்பதால் ஒன்றில் படித்தது மற்றதற்கு உதவும்.

எலானில் ஏறுவதற்கு முன் இரண்டு விஷயம். பழைய வண்டிகளில், ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற இழுகயிற்றுச் சுவிச் பெரும்பாலும் இருக்காது. சின்ன விலைக்கு வாங்கிப் பூட்டலாம், பூட்டாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். அடுத்தது, எக்ஸிலறேற்றர் கேபிளைக் கழற்றிக் கழுவி, குளிரில் வெளியே ஒரு இரவு வைத்துவிட்டு, காலையில் அழுத்தி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சூடான கராஜில் திரும்புகிற கேபிள், மைனஸ் இருபதில் உறைந்து முழுவேகத்தில் நிற்கும்.

பக்கத்து நிப்பிசிங் ஏரியில் ஓட்டுவதை நினைத்துக்கொண்டுதான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. யார் சொன்னாலும் நீங்களே துளைபோட்டு அளந்து பாருங்கள்.

காகித வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டோடு வந்த வண்டி என்றாலும் சட்டப்படி அது வேறு சொத்து. முந்திய சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, டனலில் குத்தியிருக்கிற தொடர் எண்ணைக் குறிப்பிட்டு, மூன்றுக்கும் கையெழுத்து வாங்குங்கள். பழைய ஓனர்ஷிப் தாள் அவரிடம் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். சொந்தக் காணிக்கு வெளியே ஓட்ட சேர்விஸ் ஒன்ராறியோவில் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டும். ஸ்னோமொபைல் சங்கப் பாதைகளுக்கு அதற்கு மேல் பெர்மிட். பழைய மாடல்களுக்கென்று விலை குறைந்த கிளாசிக் பெர்மிட் உண்டு, கேட்டு வாங்குங்கள். மகனுக்கு 12 வயது தாண்டியதால் ஸ்னோமொபைல் லைசென்ஸ் எடுத்துப் பாதையில் ஓட்டலாம். வீதியைக் குறுக்கே கடக்க 16 ஆக வேண்டும்.

பிரிக்கத் தொடங்கும்போது மகனிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் கழன்ற உடனே ஒரு சிறு பையில் போட்டு, ஒட்டுத்தாளில் எங்கிருந்து வந்ததென்று எழுதி, கழற்றுமுன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். ஆறு மாதம் கழித்து "இது எங்கே போகும்" என்று நீங்கள் விழிக்கும்போது அவன் சொல்வான்.

எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஆனதும் எக்ஸோஸ்ற் வாய் வழியாக எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள். பிஸ்டன் பக்கத்தைப் பார்த்து அடுத்தது என்ன என்று எழுதுகிறேன். அதுவரை அந்தக் கயிற்றை யாரும் இழுக்க வேண்டாம், உங்கள் நண்பர் உட்பட.